வானம் பார்த்த பாதங்கள்

காலை நீட்டுங்கள் என்று சொன்னதற்கு ஒரு மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நான் தாதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளம். உள்ளே ஒரு நீளமான கூடம். இந்தச் சுவரோரம் ஒரு வரிசை, அந்தச் சுவரோரம் ஒரு வரிசை என்று சாய்வு நாற்காலிகள் எதிரெதிரே கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். கையில் குத்திய ஊசி வழியாக இரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் போகும்.

அவரை மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். அறுபதைத் தாண்டிய வயது. ஒல்லியாக, நெட்டையாக, தலையில் வெள்ளை முடி குத்துக்குத்தாக நின்றது. வந்ததும் கழிப்பறைக்குப் போய்க் காற்சட்டையைக் கழற்றிவிட்டு, கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கால் பக்கத்துப் பலகையை உயர்த்தினேன். அவர் சத்தமில்லாமல் வலது பாதத்தை எடுத்து இடது தொடைமேல் வைத்தார். இடது பாதம் தானாகவே ஏறி வலது தொடைமேல் போய் உட்கார்ந்தது. முதுகு நிமிர்ந்துகொண்டது. நல்ல பத்மாசனம். யோகா வகுப்புக்குப் போகிற என் அக்கா இரண்டு வருடமாக முயன்றும் அவளுக்கு வராத ஆசனம் அது.

"அங்கிள், காலை நீட்டுங்க. இங்க இப்படியெல்லாம் உட்காரக் கூடாது."

"மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி. நீட்ட முடியாது."

எங்கள் ஊரில் தாதிகள் எல்லோரும் மிஸ்ஸிதான்.

"ஏன், முட்டி வலியா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. இப்படியே இருந்துக்கிறேன். உங்களுக்கு ஒரு சூசாவும் குடுக்க மாட்டேன்."

சூசா என்றால் தொந்தரவு. அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிய சூசாவாக இருந்தது. இரத்த அழுத்தம் இறங்கினால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். கால் தொடையில் ஏறி உட்கார்ந்திருந்தால் எதைத் தூக்கி வைப்பது? நான் குரலை உயர்த்தினேன். தலைமைத் தாதி வந்தார். அனுபவம் பழுத்த சீனப் பெண்மணி. அவரைப் பார்த்தார், இயந்திரத்தில் அழுத்தத்தைப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. "லெட் ஹிம் சிட் லா. அரை மணிக்கு ஒரு தடவை நீ போய்ப் பாரு" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்ததில்தான் அவர் எனக்குப் பழக்கமானார்.

நான் இருந்தது பிரிக்பீல்ட்ஸில். காலையில் சமையலை முடித்துவிட்டு ரயிலேறினால் கிள்ளான் வந்து சேர்வதற்குள் கண் பாதி செருகிவிடும். மதிய ஷிஃப்ட் வேறு. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏர்கோன் குளிர். கண்ணாடிக் கதவு வழியாக வருகிற வெளிச்சம் தரையில் கிடந்து மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் முனகும். தொலைக்காட்சியில் சத்தம் குறைத்து ஏதோ தொடர் ஓடும். அதில் அழுகிறவர்கள்கூடச் சத்தமில்லாமல்தான் அழுவார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையாக எல்லோரும் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நடந்து போனால் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும். அத்தனை பேர் நடுவில் அவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கண் பாதி மூடி, ஊசி குத்திய கையைத் தலையணைமேல் அசையாமல் வைத்து, மடிமேல் இரண்டு பாதங்களும் மேலே பார்க்க.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் பெரிய தியானக்காரர், மலேசியா முழுக்கச் சீடர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் கதை கட்டிவிட்டார்கள். ஒரு நாள் மூன்றாவது நாற்காலிக்காரரின் மனைவி கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து, கணவரின் நெற்றியில் அவர் கையால் வைத்துவிட வேண்டும் என்று நின்றாள்.

"நான் போர்ட்ல கிரேன் ஓட்டுனவன்மா. சாமியாரெல்லாம் இல்ல."

"பரவால்ல அண்ணே. வைங்க."

வேறு வழியில்லாமல், ஊசி இல்லாத கையை நீட்டி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம்வரை அவருக்கு நிம்மதியில்லை. நான் பக்கத்தில் போகும்போதெல்லாம், "மிஸ்ஸி, அந்த மூணாம் நம்பருக்கு இப்போ பிரஷர் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் கை பட்டு அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

"மனசுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டிருப்பீங்க அங்கிள்? மந்திரமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. இந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பேன். இதுல ஒரு சத்தம் மட்டும் அப்படியே நம்ம கிரேன் மாதிரி இருக்கு."

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கப்பலிலிருந்து பெட்டி இறக்குகிற கிரேனில், ஓட்டுகிறவருக்கு மிக உயரத்தில் ஒரு சின்னக் கூண்டு இருக்குமாம். கீழே பார்த்து இறக்க வேண்டும் என்பதற்காகக் கூண்டின் தரையே கண்ணாடி. முதல் வாரம் அவருக்கு வேலை ஓடவில்லையாம். உயரத்துக்குப் பயந்து இல்லை.

"கீழ குனிஞ்சா என் கால். காலுக்கு அடியில கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில ஆளுங்க தலை. மலாய்க்காரன், பங்களாதேஷ்காரன், நம்ம ஆளுங்க, எல்லார் தலைமேலயும் நான் கால வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு மிஸ்ஸி."

பெட்டி இறக்கும்போது வேறு வழியில்லை. ஒரு கப்பல் போய் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்கும் நேரத்திலாவது காலை மேலே எடுத்துவிடலாம் என்று இருக்கையில் சம்மணம் போட்டார். அப்போதும் ஒரு பாதம் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துத் தொடைமேல் ஏற்றினார். அப்படி வந்ததுதான் பத்மாசனம். அதற்குப் பெயர் உண்டு என்பதே பின்னால் யாரோ சொல்லித்தான் தெரியுமாம்.

"பாதம் வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா யாருக்கும் மரியாதைக் குறைவு இல்ல பாருங்க. அங்க எனக்கு மேல யாரு? பறவைதான்."

சில நாள் கடலில் மூட்டம் இறங்கிவிடும், அப்போது கீழே கப்பலும் தெரியாது, ஆளும் தெரியாது, கூண்டு மட்டும் வெள்ளைக்குள் மிதக்கும் என்றார். அந்த நேரங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிந்து போகும். கேட்டுக்கொண்டே நிற்கிற எனக்கும், இந்தக் கூடம் தரையை விட்டுச் சற்று மேலே எழுந்துவிட்டதுபோல இருக்கும். எங்காவது ஓர் இயந்திரம் கத்தும். நான் ஓடுவேன்.

அவருக்கு எதிர் நாற்காலி ஒரு மலாய்ப் பெண்மணியுடையது. பக்கத்து ஊரான மேருவிலிருந்து வருகிற மக்சிக். வயதான அம்மாவை மலாயில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஒரு நாள் நான் பயந்தது நடந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அங்கிளின் முகம் சட்டென்று சாம்பல் நிறமாயிற்று. இயந்திரம் அலறியது. அழுத்தம் கீழே, கீழே. நான் நாற்காலியைத் தட்டையாகச் சாய்த்து, அவர் கால்களைப் பிடித்து இழுத்துப் பிரித்து நீட்டி, உயர்த்தி வைத்து, உப்புத் தண்ணீரை ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் கண் திறந்தார். திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை. உயர்ந்து நிற்கிற தன் இரண்டு பாதங்களையும், அவற்றுக்கு நடுவில் தெரிகிற மக்சிக்கின் முகத்தையும்தான் பார்த்தார்.

"மாஃப், காக்" என்று அந்த நிலையிலும் மலாயில் அக்கா போட்டு மன்னிப்புக் கேட்டார். கால் உங்களுக்கு நேராக இருக்கிறது, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்.

மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயந்துபோயிருந்தார். உயிர் போய் வந்திருக்கிறது, இந்த ஆள் காலைப் பற்றிப் பேசுகிறாரே என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். இந்த வரிசையின் பாதங்கள் எல்லாம் அந்த வரிசையின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ வருடமாக நான் நடந்த கூடம்தான். அவர் ஒருவருக்கு மட்டும்தான் அது தாங்கவில்லை.

ஆனால் மரியாதை என்று மட்டும் நினைத்தேன். அதற்குக் கீழே வேறொன்று இருந்ததை அறிய ஒரு மழை நாள் வேண்டியிருந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். வானம் இருட்டி, இடியோடு மழை. ஒரு பெரிய வெளிச்சம் வெட்டிய அடுத்த நொடி கரண்ட் போய்விட்டது. மற்ற இயந்திரங்கள் எல்லாம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. அவருடையது பழசு, பேட்டரி பிடிக்கவில்லை. இரத்தம் குழாயில் நின்றால் உறைந்துவிடும். அதற்காகவே இயந்திரத்தில் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. அதை மாட்டிக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப வேகமும் கூடாது, மெதுவும் கூடாது. அவர் பக்கத்தில் நின்று சுற்ற ஆரம்பித்தேன். மற்றவற்றின் முனகல் மழையில் அமுங்கிப்போயிருந்தது. கேட்டது மழைச் சத்தம் மட்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"கை வலிக்குதா மிஸ்ஸி?"

"இல்ல அங்கிள். நீங்க அசையாம இருங்க."

"என் ரத்தத்தை நீங்க கையால சுத்துறீங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாது" என்றார். நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். நான் அவனை உதைச்சிட்டேன்."

கிரேன் வேலைக்குப் போவதற்கு முன்பு நடந்தது. கம்போங் மேடானில் அப்போது அவர்கள் வீடு. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தது இவர்தான். ஒரு நாள் இவர் வேலை முடிந்து வந்தபோது தம்பி தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டே, ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், தேவாலயத்தில் பேசியாகிவிட்டது என்றான். தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டானே என்ற ஆத்திரம். நின்ற வாக்கிலேயே காலைத் தூக்கி அவன் நெஞ்சில் உதைத்துவிட்டார்.

"தட்டு பறந்துடுச்சு. அவன் மல்லாந்து விழுந்தான். எழுந்திருச்சு என்னைத் திட்டுவான், அடிப்பான்னு நின்னேன். ஒண்ணும் சொல்லல. செதறிக் கிடந்த சோத்தையெல்லாம் ஒண்ணொண்ணா பொறுக்கித் தட்டுல போட்டான். கையக் கழுவினான். சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அதோட சரி."

"எத்தனை வருஷமாச்சு?"

"என் மக பொறக்கறதுக்கு முன்னாடி. அவளுக்கே இப்போ முப்பது தாண்டிடுச்சு."

"தேடிப் போகலையா?"

"என்ன மூஞ்ச வச்சுக்கிட்டுப் போறது? சோத்து முன்னால உட்கார்ந்திருந்தவன் மிஸ்ஸி." வலது பாதத்தின்மேல் கையை வைத்தார். "இந்தக் கால். இனிமே இத யாருக்கும் நேரா நீட்டக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு பிடித்தது. விளக்குகள் மினுங்கி எரிந்தன. இயந்திரம் என் கையிலிருந்து சுற்றலை வாங்கிக்கொண்டது. நாங்கள் அதைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

அந்த ஆசனத்தால் அவருக்கு ஒரு நன்மையும் நடந்தது. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. குனிந்து பார்க்கவும் முடியாது. அவருக்கும் சர்க்கரைதான், கண்ணும் மங்கல். மற்றவர்கள் காலுறையும் போர்வையுமாகப் படுத்திருப்பார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவருடைய பாதங்கள் மட்டும் வெறுமையாக விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஊசியைச் சரிபார்க்கக் குனிந்தபோது, வலது சுண்டுவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. அமுக்கினேன். உள்ளே மெத்தென்று இருந்தது.

"வலிக்குதா அங்கிள்?"

"எங்க?"

அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். உள்ளே நிறைய தூரம் சீழ் ஓடியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்கால்வரை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னதாக மகள் சொன்னாள். இனி புண் ஆறும்வரை காலை மடக்கவே கூடாது, நீட்டி உயர்த்தித்தான் வைக்க வேண்டும், தினமும் கிளினிக்கில் கட்டு மாற்ற வேண்டும் என்று உத்தரவு.

திரும்பி வந்த முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் நாற்காலிய மட்டும் சுவத்துப் பக்கமா திருப்பிப் போட முடியுமா மிஸ்ஸி?"

இயந்திரத்தையும் சேர்த்துத் திருப்பினோம். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி காலை நீட்டினார். மக்சிக்குக்குத்தான் வருத்தம். இனி நான் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது என்று புலம்பினார்.

மூன்றாவது வாரம் அவர் பக்கத்தில் போனபோது ஒரு வாடை அடித்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பழைய கட்டு. நாலைந்து நாளாக யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

"கிளினிக் போனீங்களா?"

கைலியை இழுத்துப் பாதத்தை மூடப் பார்த்தார்.

"அங்கிள், உங்களத்தான் கேக்குறேன். மக கிட்ட போறேன்னு சொல்லிட்டு எங்க போறீங்க?"

"பஸ் ஸ்டாண்ட்ல உட்கார்ந்திருந்துட்டு வந்துடுவேன்." சுவரைப் பார்த்தே பேசினார். "இது எந்தக் கால்னு உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்ஸி. விடுங்க. அதுக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கு. வெட்டட்டும்."

நோயாளிகள் பிடிவாதம் பிடிப்பார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். எல்லாம் பழக்கம்தான். இப்படி அமைதியாக ஒரு மனிதர் தன் காலைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

"கால் தனியாப் போகாது அங்கிள். உங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்" என்று கத்தினேன். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துவிட்டார். அங்கிளோ அசையவில்லை.

அன்று புண்ணைக் கழுவி நானே கட்டுப் போட்டேன். பிறகு ஒரு தாதி செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அவரை அழைத்துப்போக வந்த மகளை வாசலில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா பேரையே வீட்ல எடுக்கக் கூடாதுக்கா. அவர்தான் என்னமோ பெரிய தப்பு பண்ணிட்டு ஓடிட்டார்னு நெனச்சிருந்தோம். அம்மா சாகற வரைக்கும் சொல்லல." காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். "அவரு உசுரோட இருக்காரா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

அவள் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்திருக்கிறாள். அதற்குள் ஒரு மாதம் ஓடியது. இங்கே வரும் நாட்களில் நானும், மற்ற நாட்களில் அவளுமாகக் கட்டு மாற்றினோம். புண் ஆறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. அவர் காலைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் ஹெல்மெட். கழுத்தில் சின்னச் சிலுவை. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். தலை முழுக்க நரை. அந்த நெட்டை உடம்பையும் குத்துமுடியையும் பார்த்ததும் எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. கையைக் காட்டினேன். நாற்காலி சுவரைப் பார்த்திருந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் சுவருக்கும் காலுக்கும் நடுவில்தான் போய் நிற்க வேண்டும். அவர் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு அந்த இடுக்கில் நுழைந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட பாதம் அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"அண்ணே."

அங்கிள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு?"

"நான்தான்."

அங்கிள் பதறிப்போய்க் காலை இழுக்கப் பார்த்தார். "மடக்காதீங்க அங்கிள்!" என்று நான் ஓடினேன். அதற்குள் தம்பி கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளி உட்காருடா. கால் உனக்கு நேரா இருக்கு."

"இருந்தா என்ன?"

"இந்தக் கால்தான்டா அது."

"எது?"

"உன்ன... அன்னைக்கு..."

தம்பி கையில் இருந்த காலைச் சற்று நேரம் பார்த்தார். "எந்தக் கால்னு எவன் பாத்தான்? எனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் கருவாட்டுக் குழம்புதான். அண்ணி வச்சது. ரெண்டு வாய்கூட உள்ள போகல."

அங்கிளின் உடம்பு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கை ஆடியதில் ஊசி இடம் மாறி இயந்திரம் கத்தியது. நான் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, அங்கேயே நின்றேன். போயிருக்கலாம். போகவில்லை.

"ஏன்டா வரவே இல்ல?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் கோவம். அப்புறம் வெக்கமா போச்சு. அப்புறம் வயசாயிடுச்சு." கணுக்காலை விடாமலே பேசினார். "மனசுல ஒண்ணுமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதுக்காக உங்க காலை வெட்டணுமா? நாளைக்குக் காலைல வரேன். கிளினிக் போறோம்."

"மோட்டார்லயா?"

"மக காடி எடுத்துட்டு வருவா. ஆமா, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியும்."

அதன் பிறகு ஒரு நாள்கூடக் கட்டு தவறவில்லை. காலையில் தம்பி வந்து கூட்டிப் போவார். சில நாட்களில் டயாலிசிஸுக்கும் அவரே கூட வந்து, அந்த இடுக்கில் உட்கார்ந்து மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். மீன் வியாபாரம்தான் தொழில். சிலசமயம் இருவரும் சண்டை போடுவார்கள். ஒரு நாள் தம்பி கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அங்கிள் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கே கார் வாசலில் நின்றதாம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் புண் மூடியது. இனி மடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டோம். மக்சிக் எதிர் நாற்காலியிலிருந்து கையை ஆட்டி வரவேற்றார். அங்கிள் கைலியைச் சரிசெய்துகொண்டு முதலில் இடது காலை மடக்கினார், அது வந்தது. வலது கால் பாதிவரைதான் வந்தது. மறுபடி இழுத்தார். முட்டி கட்டையாக நின்றது. அத்தனை மாதம் நீட்டியே வைத்திருந்ததில் அது வேறு பழக்கம் பழகிவிட்டது. நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது தடவை அவர் இழுக்கவில்லை. வலது காலை மெதுவாக நீட்டினார். பிறகு இடது காலையும் இறக்கி அதன் பக்கத்தில் வைத்தார். எதிரில் பார்த்து, மலாயில், நீட்டிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டார்.

"நீட்டுங்க. நான் எத்தனை நாளா உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டிருக்கேன், நீங்க செத்தா போயிட்டீங்க?" என்று மக்சிக் மலாயில் கத்திச் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது.

அரை மணி கழித்து வழக்கம்போல அழுத்தம் பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, நல்ல குறட்டை. மூன்று விரல் பாதம் கைலிக்கு வெளியே எங்களைப் பார்த்துக் கிடந்தது. அந்தக் கூடத்தில் அவர் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

நான்கு மணி நேரம் முடிந்தது. ஊசியைக் கழற்ற எழுப்ப வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. இயந்திரத்தைக் கால் மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டேன். அடுத்த ஷிஃப்ட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். தலைமைத் தாதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.